212 கோயில்களும் ஒரு பழைய பேக்கப்பும்

ஐயா என் மேசைமேல் வைத்தது ஒரு டிவிடி. உறையின்மேல் நீல மையில், பள்ளி ஆசிரியர்களுக்கே உரிய குண்டு எழுத்தில், "தோட்டக் கோயில்கள், முழுத் தொகுப்பு, மே 2011" என்று எழுதியிருந்தார். "எல்லாம் இதில் இருக்கிறதம்மா. திறந்து கொடுத்தால் போதும்" என்றார். திறப்பதற்கு எனக்கு ஐந்து வார இறுதிகள் ஆயின.

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், செபராங் பிறையில் தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். என் அம்மாவுக்கும் பாடம் எடுத்திருக்கிறார். ஆகவே முடியாது என்று சொல்லும் வழி எனக்கு இல்லை. 2001 முதல் பத்து ஆண்டுகள், பள்ளி விடுமுறைகளில் மோட்டார் சைக்கிளில் தோட்டம் தோட்டமாகப் போய், அங்கிருந்த கோயில், கிணறு, லயம் (தொழிலாளர் குடியிருப்பு வரிசை), இடுகாடு எல்லாவற்றையும் கையடக்க ஜிபிஎஸ் கருவியில் குறித்துக்கொண்டு வந்தவர். 2000 மே மாதத்தில்தான் அமெரிக்க அரசு ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை நிறுத்தியது. அதற்கு அடுத்த ஆண்டே கருவி வாங்கிவிட்டார் என்றால் மனிதரின் ஆர்வத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தக் குறிப்புகளை அவருடைய மாணவர் ஒருவர் 2010-இல் ஒரு இடஞ்சார் தரவுத்தளத்தில், அதாவது இடங்களின் ஆயங்களையும் சேமிக்கும் தரவுத்தளத்தில், ஏற்றிக் கொடுத்திருக்கிறார். மாணவர் பிறகு வெளிநாடு போய்விட்டார். தரவுத்தளம் இருந்த மடிக்கணினி 2017 நவம்பரில் பினாங்கை மூழ்கடித்த வெள்ளத்தில் போயிற்று. எஞ்சியது இந்த டிவிடியும், அலமாரியின் மேல்தட்டில் இருந்ததால் தப்பிய மூன்று நோட்டுப் புத்தகங்களும்தான்.

நான் பாயான் லெப்பாஸில் ஒரு நிறுவனத்தில் வரைபடத் தரவோடு தினமும் மல்லுக்கட்டுகிறவள். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளும், அதற்கு இடத்தரவைக் கையாளக் கற்றுக்கொடுக்கும் போஸ்ட்ஜிஐஎஸ் நீட்சியும் எனக்கு அடுப்பங்கரைச் சாமான் மாதிரி. அதனால் முதல் நாள் எனக்குக் கொஞ்சம் அலட்சியம் இருந்தது. புதிய தரவுத்தளம் ஒன்றைத் திறந்து, போஸ்ட்ஜிஐஎஸ் நீட்சியை நிறுவி, பழைய பேக்கப்பை மீட்டெடுக்கும் கட்டளையைத் தட்டிவிட்டு, கோப்பி கலக்கப் போனேன். திரும்பி வந்தபோது திரை முழுவதும் பிழைச் செய்திகள் மழைபோல் ஓடிக்கொண்டிருந்தன. "போஸ்ட்ஜிஐஎஸ் 1.5 என்ற நூலகக் கோப்பைக் காணவில்லை" என்பதே திரும்பத் திரும்ப. கடைசி வரியில் மட்டும் ஒரு நிதானமான வாக்கியம்: மீட்டெடுப்பின்போது இத்தனை பிழைகள் பொருட்படுத்தப்படவில்லை என்று.

அந்த வாக்கியத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். போஸ்ட்கிரெஸின் மீட்டெடுப்புக் கருவி பிழை வந்தாலும் நிற்காது. அடுத்த வேலைக்குப் போய்விடும். நிற்க வேண்டுமென்றால் முதல் பிழையிலேயே நின்றுவிடு என்ற விருப்பத்தை நாமே கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அட்டவணைகளின் பெயர்கள் பட்டியலில் அழகாக வந்து நிற்கும். உள்ளே ஒரு வரிகூட இருக்காது. எனக்கும் "கிணறுகள்" என்ற பெயரில் வெறும் தட்டு ஒன்று வந்து நின்றது.

அன்று நள்ளிரவில் நான் செய்த இன்னொரு காரியத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பழைய நூலகம் இல்லை என்றுதானே அழுகிறது, புதிய நூலகக் கோப்புக்குப் பழைய பெயரில் ஒரு குறுக்குவழி வைத்துவிட்டால் என்ன என்று தோன்றியது. வைத்தேன். சில செயற்கூறுகள், அதாவது கணக்குச் செய்யும் சிறு நிரல்கள், உள்ளே நுழைந்தன. சில, அப்படி ஒரு செயற்கூறே இந்தக் கோப்பில் இல்லை என்று விழுந்தன. நுழைந்தவையோ புதிய நீட்சியின் செயற்கூறுகளோடு ஒரே இடத்தில் கலந்து, எது பழையது எது புதியது என்று பிரிக்க முடியாதபடி ஆகிவிட்டன. தரவுத்தளத்தையே அழித்துவிட்டுத் தூங்கப் போனேன். இந்த யோசனையை யாராவது உங்களுக்குச் சொன்னால், நன்றி சொல்லிவிட்டு வேறு வேலை பாருங்கள்.

அடுத்த சனிக்கிழமை, முதலில் செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். மீட்டெடுப்புக் கருவிக்குப் பட்டியலை மட்டும் காட்டு என்றொரு விருப்பம் உண்டு. அது எதையும் ஏற்றாது. பெட்டிக்குள் என்னென்ன இருக்கிறது என்று வரி வரியாகச் சொல்லும். தலைப்பகுதியிலேயே பாதி விடை கிடைத்துவிட்டது. மூலத் தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் 8.4. எழுத்துக் குறியாக்கம், அதாவது எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறை, எஸ்கியூஎல் ஆஸ்கி. இந்த இரண்டாவது தகவலை அன்று நான் கவனிக்காமல் கடந்தேன். அதன் விலையைப் பின்னால் கொடுத்தேன்.

பட்டியலின் நீளம்தான் என்னை மலைக்க வைத்தது. பக்கம் பக்கமாகச் செயற்கூறுகள், இயக்கிகள், வகைகள். ஐயாவின் அட்டவணைகள் வெறும் ஆறு: கோயில்கள், பள்ளிகள், கிணறுகள், லயங்கள், இடுகாடுகள், குறிப்புகள். மற்றவை அனைத்தும் போஸ்ட்ஜிஐஎஸின் சொந்தச் சாமான்கள். இதற்கு ஒரு காரணம் உண்டு. நீட்சியை ஒரே கட்டளையில் நிறுவும் வசதி போஸ்ட்கிரெஸ் 9.1-இல்தான், அதாவது 2011 செப்டம்பரில்தான் வந்தது. அதற்கு முன்பு போஸ்ட்ஜிஐஎஸை நிறுவுவது என்றால் ஒரு பெரிய எஸ்கியூஎல் கோப்பைத் தரவுத்தளத்துக்குள் ஓட்டுவது. ஓட்டிய பிறகு அந்த நூற்றுக்கணக்கான செயற்கூறுகள் நீங்களே எழுதியவைபோல் உட்கார்ந்துகொள்ளும். பேக்கப் எடுக்கும்போது, எது வாடகைக்காரரின் சாமான், எது வீட்டுக்காரரின் சாமான் என்று கருவிக்குத் தெரியாது. எல்லாவற்றையும் வாரிக் கட்டிக்கொண்டு வரும். இன்றைய பேக்கப்பில் அந்த இடத்தில் நீட்சியை நிறுவு என்ற ஒற்றை வரிதான் இருக்கும்.

அதற்கு மேல் 2012-இல் வந்த போஸ்ட்ஜிஐஎஸ் 2.0 வீட்டையே இடித்துக் கட்டியது. எஸ்டி என்ற முன்னொட்டு இல்லாத பழைய செயற்கூறுப் பெயர்கள் நீக்கப்பட்டன. வடிவியல் நெடுவரிசைகளின் பட்டியல் அட்டவணையாக இருந்தது, கேட்கும்போது கணக்கிட்டுக் காட்டும் பார்வையாக மாறியது. எண்கள் பூமியில் எந்த இடத்தைக் குறிக்கின்றன என்று சொல்லும் ஆயமுறை தெரியாத வடிவங்களுக்குக் கொடுக்கப்பட்டு வந்த -1 என்ற எண் 0 ஆனது. ஆகவே 1.5-இலிருந்து வருகிற எவரும் இந்த இடிபாட்டைத் தாண்டித்தான் வர வேண்டும். நான் நிறுவியிருந்த 3.4-க்கு நேரே போனாலும் அதே கதைதான்.

இதற்கென்றே போஸ்ட்ஜிஐஎஸோடு ஒரு பெர்ல் நிரல் வருகிறது. பழைய பேக்கப்பைக் கொடுத்தால், போஸ்ட்ஜிஐஎஸின் சொந்தச் சாமான்களைக் கழித்துவிட்டு, நம்முடையதை மட்டும் வெளியே தள்ளும். அதை நேரே புதிய தரவுத்தளத்துக்குள் ஓட்டிவிடலாம். பேக்கப் போஸ்ட்கிரெஸின் தனிவடிவத்தில் எடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. மாணவர் அப்படித்தான் எடுத்திருந்தார், அவர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். ஓட்டினேன். பிழைகளைத் தனிக் கோப்பில் பிடித்தேன். முன்பு பல பக்கம் ஓடியது இப்போது ஒரு பக்கத்துக்குள் அடங்கியது. பள்ளிகள் அட்டவணையில் 28 வரிகள் வந்திருந்தன. பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள், கணக்குச் சரி. லயங்கள் வந்தன. கோயில்கள் மட்டும் காலி.

எஞ்சிய ஒரு பக்கப் பிழையில் பெரும்பாலானவை உயிர் போகிற விஷயங்கள் அல்ல. தேடலை விரைவாக்கும் சுட்டுவரிசையின் உருவாக்கம் விழுந்திருந்தது; பழைய இயக்கி வகுப்பின் பெயர் இன்று இல்லை. அதை அழித்துவிட்டுப் புதிதாக ஒரு வரியில் உருவாக்கினால் போயிற்று. ஆயமுறைகளின் அட்டவணையில் 900913 என்ற எண்ணில் ஒரு கூடுதல் வரி இருந்தது. கூகுள் வரைபடத்துக்காக அந்தக் காலத்தில் எல்லோரும் சேர்த்துக்கொண்டது, இன்று 3857. விட்டுவிட்டேன். இரண்டு பார்வைகள் பழைய செயற்கூறுப் பெயர்களைக் கூப்பிட்டன. பழைய பெயர்களைத் தற்காலிகமாகத் திருப்பித் தரும் ஒரு கோப்பு போஸ்ட்ஜிஐஎஸோடு இருக்கிறது. நூறு பார்வைகள் இருந்தால் அதை நிறுவி மூச்சு விட்டுக்கொள்ளலாம். இரண்டுக்காக ஊன்றுகோல் எதற்கு என்று கையாலேயே திருத்தினேன்.

கோயில்கள் அட்டவணை விழுந்ததற்குக் காரணம் வேறு. யூனிகோடின் யூடிஎஃப்-8 குறியாக்கத்துக்குச் செல்லாத பைட் வரிசை என்று ஒரே ஒரு செய்தி. தரவை ஏற்றும் கட்டளை ஓர் அட்டவணைக்கு ஒன்று. 212 வரிகளில் ஒன்றில் பிசகினாலும் அத்தனையும் திரும்பிவிடும். அப்போதுதான் தலைப்பகுதியில் நான் கவனிக்காமல் விட்ட எஸ்கியூஎல் ஆஸ்கி நினைவுக்கு வந்தது. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது ஒரு குறியாக்கமே அல்ல. எந்தப் பைட்டைக் கொடுத்தாலும் கேள்வி கேட்காமல் வாங்கி வைத்துக்கொள்வேன் என்று தரவுத்தளம் சொல்வதற்குப் பெயர் அது. பள்ளிகள் அட்டவணை ஏன் வந்தது? அதில் பெயர்கள் ரோமன் எழுத்தில் மலாய்மொழியில் இருந்தன. கோயில் பெயர்களை ஐயா தமிழில்தான் எழுதுவேன் என்று பிடிவாதமாகத் தமிழில் எழுதியிருந்தார்.

எந்தத் தமிழ்? ஐயாவைத் தொலைபேசியில் கேட்டேன்.

"ஐயா, அப்போது கணினியில் எதில் தட்டினீர்கள்?"

"முரசு அஞ்சல்தானம்மா. வேறு என்ன இருந்தது நமக்கு?"

"எழுத்துரு?"

"இணைமதி. அழகான எழுத்து."

பாதி விடை அதிலேயே வந்துவிட்டது. நம் நாட்டுக்காரர் முத்து நெடுமாறன் உருவாக்கிய தமிழ்த் தட்டச்சு மென்பொருளான முரசு அஞ்சலில் தட்டிய தலைமுறைக்கு, இணைமதி என்றால் பெரும்பாலும் யூனிகோடுக்கு முந்தைய திஸ்கி குறியாக்கம் என்று தெரியும். அட்டவணையின் தரவை மட்டும் எழுத்துக் கோப்பாக வெளியே எடுத்துத் திறந்தேன். ஒரு பெயரில் பிரிவுக்குறி, அடுத்து முக்கால் பின்னம், அடுத்து தலைகீழாக நிற்கும் ஆச்சரியக்குறி. பழைய ஆட்கள் பார்த்தவுடனே வாசித்துவிடுவார்கள்: ஏகாரக் கொம்பு, த, கால். சேர்த்தால் "தோ". "தோட்டம்" என்ற சொல்லின் தலை அது.

இங்கேதான் ஒரு மாலைப் பொழுதை வீணாக்கினேன். ஒவ்வொரு பைட்டுக்கும் நிகரான யூனிகோட் எழுத்தைப் போட்டு மாற்றும் சின்ன நிரல் ஒன்றை எழுதினேன். வந்ததெல்லாம் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். காரணம் எளியது. திஸ்கியில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிக்கப்படுகின்றன. கொம்பு முன்னால் தெரிவதால் முன்னாலேயே இருக்கும். யூனிகோட்டில் மெய்யெழுத்து முதலில், உயிர்க்குறி அதற்குப் பின்னால், அதுவும் "தோ"வுக்கு ஒரே குறியாக. ஆகவே வெறும் பதிலீடு போதாது. இடம் மாற்றிச் சேர்க்கவும் வேண்டும். அந்த வேலையைச் செய்யும் கருவி லினக்ஸில் வெகுநாளாகச் சும்மா உட்கார்ந்திருக்கிறது. ஐகான்வ் என்ற சாதாரணக் குறியாக்க மாற்றி திஸ்கியை அறியும். என் லினக்ஸ் கணினியில் ஒற்றை வரிக் கட்டளை. "ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயம், ஆற்றோரத் தோட்டம்" என்று திரையில் முழுதாக வந்தபோது சற்று நேரம் கையை எடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திஸ்கியின் கீழ்ப்பாதி ஆஸ்கியேதான். அதனால் அதே கோப்பில் இருந்த எண்களுக்கும் ரோமன் எழுத்துகளுக்கும் வடிவியல் நெடுவரிசைக்கும் ஒன்றும் ஆகவில்லை. கோப்பின் தலையில் குறியாக்கத்தைச் சொல்லும் வரியை மட்டும் யூடிஎஃப்-8 என்று கையால் மாற்ற வேண்டும், அவ்வளவுதான். 12 பெயர்கள் மட்டும் மாற்றிய பிறகும் புரியாத கிறுக்கலாகவே நின்றன. அவை வேறு ஏதோ எழுத்துருவில் தட்டப்பட்டவை. அவற்றைத் தனியே எடுத்து வைத்தேன்.

இனி வடிவியல் நெடுவரிசை. பழைய பேக்கப்பைத் திறக்கும் எவருக்கும் நான் சொல்ல விரும்பும் ஆறுதல் இது ஒன்றுதான்: செயற்கூறுகள் மாறின, பெயர்கள் மாறின, ஆனால் புள்ளி எழுதப்படும் விதம் மாறவில்லை. 1.5 எழுதிய பதினறும எண்சரத்தை 3.4 அப்படியே வாசிக்கிறது. கோயில்கள் அட்டவணையில் ஒவ்வொரு புள்ளியும் 42 இலக்கங்கள். முதல் 01 பைட் வரிசையைச் சொல்கிறது. அடுத்த எட்டு இலக்கங்கள் இது புள்ளி என்று சொல்கின்றன. எஞ்சிய 32-இல் கிழக்கும் வடக்கும். ஆயமுறை எண்ணும் சேர்ந்திருந்தால் நீளம் 50 ஆகும், தொடக்கம் 0101000020 என்று இருக்கும். நம்முடையது 0101000000. அதாவது, இந்த எண்கள் எந்த ஆயமுறையில் எடுக்கப்பட்டவை என்று எந்தப் புள்ளியும் சொல்லவில்லை. மாணவர் அட்டவணையை -1 என்று உருவாக்கியிருக்கிறார். அதைச் சரிபார்க்கும் கட்டுப்பாடு வேறு அட்டவணையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இன்று ஆயமுறை இல்லாத புள்ளிக்கு விடை 0 என்பதால், அந்தக் கட்டுப்பாட்டை வைத்திருந்தால் 212 வரிகளும் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டிருக்கும். கழற்றிப் போட்டேன்.

இந்த இடத்தில் அவசரப்படுகிறவர்கள் செய்வது என்னவென்றால், புதிய அட்டவணையில் நெடுவரிசையை 4326 (ஜிபிஎஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 ஆயமுறையின் எண்) என்று வரையறுத்துவிட்டுத் தரவை ஏற்றுவது. எண் இல்லாத புள்ளிக்கு போஸ்ட்ஜிஐஎஸ் நெடுவரிசையின் எண்ணையே சூட்டிவிடும், முணுமுணுக்கக்கூட முணுமுணுக்காது. எல்லாம் சரியாக முடிந்ததுபோல் இருக்கும். நான் எண் எதுவும் இல்லாத நெடுவரிசையில் ஏற்றினேன். மதிப்புகளைப் பார்த்தேன். நூற்றுச் சொச்சம், ஐந்து சொச்சம். பாகைகள், பினாங்குதான். அப்படியானால் 4326-தான் என்று எனக்கும் தோன்றியது. க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் செயற்கைக்கோள் படத்தின்மேல் போட்டுப் பார்த்தேன்.

சில கோயில்கள் கூரைமேலேயே துல்லியமாக உட்கார்ந்தன. சில, கூரையை விட்டு விலகிச் செம்பனை மரங்களுக்கு நடுவே நின்றன. ஒன்று வாய்க்காலுக்குள். முதலில் பழைய கருவியின் கோளாறு என்று நினைத்தேன். ஆனால் கருவிக் கோளாறு என்றால் புள்ளிகள் நாலா பக்கமும் சிதறும். இவையோ அத்தனையும் ஒரே திசையில், கிழக்கே, சற்றே வடக்கு சாய்ந்து, ஏறக்குறைய 150 மீட்டர் தள்ளி, காலையில் பெரட்டுக்கு வரிசை கட்டி நின்ற தோட்டத் தொழிலாளிகளைப் போல் நின்றன. அளவாடு, அதாவது ஆயங்களை அளக்க எடுத்துக்கொள்ளும் பூமியின் அடிப்படை மாதிரி, மாறினால் வரும் பிழை இப்படித்தான் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஐயாவின் வீட்டுக்குப் போனேன். பட்டர்வொர்த்துக்குப் பாலம் வழியாகப் போகாமல் ஃபெர்ரியில் போனேன். காரணம் ஒன்றுமில்லை, ஃபெர்ரி பிடிக்கும். மூன்று நோட்டுப் புத்தகங்களையும் விரித்து வைத்து, "உங்களிடம் எத்தனை கருவிகள் இருந்தன?" என்று கேட்டேன்.

"இரண்டு. முதலில் ஒரு மஞ்சள் கருவி. 2006-இல் அது மழையில் செத்துவிட்டது. பிறகு இன்னொன்று."

"மஞ்சள் கருவியில் ஏதாவது மாற்றி வைத்தீர்களா?"

யோசித்தார். எழுந்து போய் முதல் நோட்டுப் புத்தகத்தின் உள்ளட்டையைக் காட்டினார். சிவப்பு மையில்: "கெர்தாவ் 1948 என்று வைக்கவும். வரைபடத்தோடு ஒத்துப்போகும்."

தீபகற்ப மலேசியாவின் பழைய தாள் வரைபடங்கள் கெர்தாவ் அளவாட்டை அடிப்படையாகக் கொண்டவை. பகாங்கில் உள்ள ஓர் இடத்தின் பெயர் அது. புவிமைய அளவாடான ஜிடிஎம்2000 நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது 2003-இல்தான். கையில் இருந்த தாள் வரைபடத்தோடு கருவி காட்டும் எண் ஒத்துப்போக வேண்டும் என்றால், கருவியின் பட்டியலில் கெர்தாவைத் தேர்ந்தெடுப்பதுதான் முறை. ஐயா செய்தது முழுக்கச் சரி. இரண்டாவது கருவியில் யாரும் எதையும் மாற்றவில்லை; அது பெட்டியிலிருந்து வந்தபடியே டபிள்யூஜிஎஸ் 84-இல் இருந்தது. இரண்டு கருவிகளின் எண்களும் ஒரே அட்டவணையில், ஒரே நெடுவரிசையில், எந்த அடையாளமும் இல்லாமல். நல்லவேளையாக, ஒவ்வொரு வரியிலும் தேதி இருந்தது. 2006 மார்ச்சுக்கு முன் 138 புள்ளிகள், பின் 74.

திருத்தம் இரண்டு அடி வேலை. ஆனால் வரிசை மாறினால் கெட்டது. எங்கள் வீட்டில் மைலோ டின்னில்தான் மிளகாய்த்தூள் இருக்கும். டின்மேல் மிளகாய் என்று காகிதம் ஒட்டினால் உள்ளே இருப்பது மாறாது. உள்ளே இருப்பது என்ன என்று தெரிந்துகொள்கிறோம், அவ்வளவுதான். ஆயமுறையின் எண்ணான எஸ்ஆர்ஐடியை இடும் செயற்கூறு அந்தக் காகிதம். எண்களைத் தொடாது. ஆயமுறையை மாற்றும் செயற்கூறுதான் உள்ளே இருப்பதை அரைத்து வேறொன்றாக்குவது. ஆகவே 138 புள்ளிகளுக்கும் முதலில் கெர்தாவின் எண்ணான 4245 என்று காகிதம் ஒட்டினேன். பிறகு 4326-க்கு மாற்றினேன். எஞ்சிய 74-க்கு 4326 என்ற காகிதம் மட்டும். முதலிலேயே எல்லாவற்றுக்கும் 4326 ஒட்டியிருந்தால், எந்தக் கருவியும் அதன்பிறகு பிழை காட்டியிருக்காது. கோயில் வாய்க்காலுக்குள்ளேயே இருந்திருக்கும்.

மாற்றிய பிறகு எண் உண்மையில் அசைந்ததா என்று பார்ப்பதும் முக்கியம். ஆயமுறை மாற்றத்தை உள்ளே செய்கிற புரோஜ் நூலகம், இரண்டு அளவாடுகளுக்கு இடையே வழி தெரியாவிட்டால், சத்தமில்லாமல் ஒரு தோராயத்தோடு விட்டுவிடக்கூடும். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துத் தூரத்தைக் கணக்கிட்டேன். 150 மீட்டருக்குப் பக்கத்தில் வந்தது. திரையில் பார்த்தால் வாய்க்காலில் இருந்த கோயில் கரையேறி, தகரக் கூரைக்குமேல் உட்கார்ந்திருந்தது.

திரையை நம்பி விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. அடுத்த சனிக்கிழமை ஐயாவையும் ஏற்றிக்கொண்டு நிபோங் திபால் பக்கம் போனேன். ஏழு இடங்கள், நான்கு பழைய கருவியுடையவை, மூன்று புதியது. கைப்பேசியில் புள்ளியைப் பின்பற்றி நடந்தோம். ஆறு இடங்களில் சந்நிதிக்குப் பத்துப் பன்னிரண்டு அடிக்குள் நின்றோம். ஏழாவது பத்து காவானில். புள்ளி காட்டிய இடத்தில் ஒரு தொழிற்சாலையின் லாரி நிறுத்துமிடம். சுற்றுமுற்றும் கோயிலின் சுவடே இல்லை. தேதியைத் தவறாகப் பிரித்துவிட்டேனோ, இந்தப் புள்ளி 74-இல் சேர வேண்டியதோ என்று கைப்பேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐயா லாரிகளுக்கு நடுவே நடந்து போய் ஓரிடத்தில் நின்றார். "சரியாகத்தான் இருக்கிறதம்மா. இங்கே ஒரு வேப்பமரம் இருந்தது. அதற்குக் கீழே முனியாண்டி." காவலாளி வந்து என்ன தேடுகிறீர்கள் என்று மலாயில் கேட்டார். ஐயா வேப்பமரத்தைப் பற்றி அவரிடமும் சொன்னார்.

அந்த வரியை அழிக்க வேண்டுமா என்று கேட்டபோது, அழிக்கக் கூடாது என்றார். ஒரு புதிய நெடுவரிசை சேர்த்தோம், "கடைசியாகப் பார்த்த ஆண்டு" என்று. இன்னொன்று, புள்ளி எந்தக் கருவியில் எடுக்கப்பட்டது என்பதற்கு. பழைய மதிப்பை மேலெழுதாமல், மாற்றாத மூலப் புள்ளியையும் தனி நெடுவரிசையில் வைத்திருக்கிறேன். நாளை வேறொருவர் வந்து என் கணக்கைச் சந்தேகப்பட வேண்டும் அல்லவா.

பேக்கப்பும் இப்போது இரண்டு விதமாக எடுக்கிறேன். ஒன்று, வழக்கமான தனிவடிவம். இன்னொன்று, எந்த மென்பொருளும் இல்லாமல் படிக்கக்கூடிய வெறும் எழுத்துக் கோப்பு: பெயர், கிழக்கு, வடக்கு, தேதி, யூடிஎஃப்-8-இல். அதோடு ஒரு பக்கக் குறிப்பு: எந்தப் பதிப்பு, எந்த அளவாடு, எத்தனை வரிகள். அதை அச்சிட்டு ஐயாவிடம் கொடுத்தேன். சிவப்பு மையில் தன் குறிப்பையும் சேர்த்து, அலமாரியின் மேல்தட்டில் வைத்தார்.

அந்த 12 பெயர்கள் இன்னும் முடியவில்லை. புள்ளியைப் பார்த்து, தேதியைப் பார்த்து, நோட்டுப் புத்தகத்தில் தேடி ஒன்பதைக் கண்டுபிடித்துவிட்டார். மூன்று மிஞ்சின. நேற்று இரவு பத்து மணிக்குமேல் தொலைபேசி. "அம்மா, எழுதிக்கொள். 87-ஆவது வரி. காளியம்மன் இல்லை, பெரியாச்சி. என் மனைவிதான் இப்போது நினைவுபடுத்தினாள்." எழுந்து விளக்கைப் போட்டுத் தட்டினேன். இன்னும் இரண்டு.